தோத்துக்கிட்டே இருக்கிற காலேஜ் டீமோட ஒரு முழு சீசனை எப்படிப் பாக்குறது

அமெரிக்காவுக்கு எம்எஸ் படிக்கப் போற பசங்களுக்கு வாடகை, குளிர் ஜாக்கெட், அசிஸ்டன்ட்ஷிப்னு எல்லாத்தையும் சீனியருங்க சொல்லிக் குடுத்துடுவாங்க. ஆனா ஆகஸ்ட் கடைசில இருந்து நவம்பர் கடைசி வரைக்கும் ஊரே ஒரே கலர் சட்டையைப் போட்டுட்டு ஒரு டீமுக்காக உயிரை விடும், அந்த டீம் வாரா வாரம் தோத்துட்டு வரும், அப்ப நாம என்ன பண்ணணும் எப்படிப் பாக்கணும்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. நான் 2021ல நெப்ராஸ்கா மாநிலத்துல லிங்கன்ங்கிற ஊர்ல போய் இறங்கினேன், அந்த வருஷம் நெப்ராஸ்கா டீம் 3 ஜெயிச்சு 9 தோத்துச்சு, அதை முழுசா உக்காந்து பாத்ததுல கத்துக்கிட்டதைத்தான் எழுதுறேன். உங்க யூனிவர்சிட்டி வேறயா இருக்கலாம், முறை ஒண்ணுதான்.

முதல்ல இது நம்ம ஊர் ஃபுட்பால் இல்ல, கையில பந்தை வெச்சுக்கிட்டு ஓடுற அமெரிக்கன் ஃபுட்பால். ஒரு சீசன்னா வழக்கமா 12 ஆட்டம், அதுல 6 ஜெயிச்சா டிசம்பர்ல பௌல் கேம்னு ஒரு கூடுதல் ஆட்டம் கிடைக்கும், 6 வரலைன்னா நவம்பரோட கடையைக் கட்ட வேண்டியதுதான். அதனால 5க்கும் 6க்கும் நடுவுல இருக்கிற தூரம் சாதாரண தூரம் இல்ல. பந்தை எதிராளியோட கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனா டச்டவுன், அதுக்கு 6 பாயிண்ட், அதுக்கப்புறம் உதைச்சா இன்னொண்ணு, உதைக்காம ஓடியோ எறிஞ்சோ உள்ள போனா ரெண்டு, ஆக ஒரே தடவை பந்து கைக்கு வந்தா அதிகபட்சம் 8 எடுக்கலாம். இந்த 8ங்கிற நம்பரை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

அடுத்தது ஊரைப் புரிஞ்சுக்கணும், இதைப் புரிஞ்சுக்காம தோல்வியைப் புரிஞ்சுக்க முடியாது. லிங்கன்ல சுமார் மூணு லட்சம் பேர்தான், மாநிலத்துலயே ஒரு என்எஃப்எல் டீம், அதாவது சம்பளத்துக்கு ஆடுற பெரிய லீக் டீம் இல்ல, இருக்கிற பெரிய டீம் இந்த காலேஜ் டீம் ஒண்ணுதான். மெமோரியல் ஸ்டேடியத்துல 1962 நவம்பர்ல இருந்து ஒவ்வொரு ஹோம் ஆட்டத்துக்கும் டிக்கெட் வித்துத் தீந்துருக்கு, 85 ஆயிரம் பேர் உக்காருற இடம் அது. டாம் ஆஸ்பர்ன்னு ஒரு கோச் இருந்தார், 25 வருஷம், 255 வெற்றி, ஒரு சீசன்ல கூட 9 வெற்றிக்குக் கீழ போனதே இல்ல. 1970, 71, 94, 95, 97னு அஞ்சு தடவை தேசிய சாம்பியன். 97ல ஜெயிச்ச அந்த டீமோட குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துறவர், ஸ்காட் ஃப்ராஸ்ட்தான் 2018ல கோச்சா திரும்பி வந்தார், அதே மாநிலத்துல வளந்த புள்ள, அதுக்கு முந்தி சென்ட்ரல் ஃப்ளோரிடா டீமை 2017ல 13-0ன்னு கொண்டுபோய் நிறுத்தினவர், அந்த டீம் ரெண்டே வருஷம் முன்னாடி 0-12. அப்ப ஊருக்கு எவ்வளவு எதிர்பார்ப்பு இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. நீங்க போற ஊருக்கும் இப்படி ஒரு பழைய கதை இருக்கும், லேப்ல பக்கத்து சீட்காரர்கிட்டயோ அப்பார்ட்மென்ட் மேனேஜர்கிட்டயோ கேளுங்க, அவங்க ஆசையா சொல்லுவாங்க, உங்களுக்கும் ஊரோட ஒரு ஒட்டுதல் வரும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். 3-9ங்கிற நம்பரைப் பாத்து டீமை எடை போடாதீங்க, யார்கிட்ட தோத்தாங்க எவ்வளவுல தோத்தாங்கன்னு பாருங்க. ஒரு பேப்பர் எடுத்து ஆட்டம் ஆட்டமா வரிசையா எழுதுங்க. 2021ல நெப்ராஸ்கா தோத்த ஒன்பதும் இது: இல்லினாய்ஸ்கிட்ட 30-22, ஓக்லஹோமாகிட்ட 23-16, மிச்சிகன் ஸ்டேட்கிட்ட எக்ஸ்ட்ரா டைம்ல 23-20, மிச்சிகன்கிட்ட 32-29, மின்னசோட்டாகிட்ட 30-23, பர்டூகிட்ட 28-23, ஒஹாயோ ஸ்டேட்கிட்ட 26-17, விஸ்கான்சின்கிட்ட 35-28, அயோவாகிட்ட 28-21. நல்லா பாருங்க, ஒஹாயோ ஸ்டேட் ஆட்டம் ஒண்ணுதான் 9 பாயிண்ட், மத்த எட்டும் 8க்குள்ள, அதாவது ஒரே ஒரு தடவை பந்து கைக்கு வந்து போற தூரம். ஒன்பது ஆட்டத்துலயும் சேத்து மொத்தமா தோத்தது 56 பாயிண்ட்தான், சில டீம் ஒரே சனிக்கிழமையில வாங்கிட்டு வர்ற அடி அது.

எதிர்ல நின்னவங்க யாருன்னும் பக்கத்துலயே எழுதிக்கோங்க. அந்த ஒன்பதுல இல்லினாய்ஸைத் தவிர மத்த எட்டு டீமும் அந்த வருஷம் 9 ஆட்டமோ அதுக்கு மேலயோ ஜெயிச்ச டீம், மிச்சிகன் 12, ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன் ஸ்டேட், ஓக்லஹோமா மூணும் 11, அயோவா 10, மீதி மூணும் 9. இதைப் பாக்காம இது மட்டமான டீம்னு சொல்றவங்க ஆட்டத்தையே பாக்காதவங்கன்னு நான் நேராவே சொல்லுவேன்.

மூணாவதா ஒரு கணக்கு, ஃபோன்ல கால்குலேட்டர் போதும். சீசன் முழுக்க நம்ம டீம் எடுத்த பாயிண்ட், குடுத்த பாயிண்ட் ரெண்டையும் கூட்டிக்கோங்க, நெப்ராஸ்கா எடுத்தது 335, குடுத்தது 272. ஆமா, 3-9 போன டீம் எதிராளிங்களை விட 63 பாயிண்ட் அதிகமா எடுத்துருக்கு. இப்ப 335ஐ 335ஆல பெருக்குங்க, 112225. 272ஐ 272ஆல பெருக்குங்க, 73984. முதல் நம்பரை ரெண்டோட கூட்டுத்தொகையால வகுங்க, 0.60 வரும், அதை 12 ஆட்டத்தால பெருக்கினா 7.2. பேஸ்பால்ல பில் ஜேம்ஸ்னு ஒருத்தர் கண்டுபிடிச்ச முறை இது, எடுத்த குடுத்த பாயிண்ட்டை வெச்சு ஒரு டீம் எத்தனை ஜெயிச்சிருக்கணும்னு உத்தேசமா சொல்லும். ஆக 7 ஜெயிச்சிருக்க வேண்டிய டீம் 3ல நின்னுச்சு. ஆனா இந்தக் கணக்கை அப்படியே நம்பிடவும் கூடாது, ஏன்னா ஜெயிச்ச மூணும் 52-7, 28-3, 56-7, அதுல 52-7ன்னு தோத்த ஃபோர்டம் கீழ் டிவிஷன் டீம், அந்த மூணு ஆட்டத்துல மட்டும் 119 பாயிண்ட் ஏறியிருக்கு. அதையும் கழிச்சுப் பாத்துட்டு முடிவுக்கு வாங்க. என் அபிப்பிராயம், அது 6 வெற்றி டீம்.

அப்ப ஏன் தோத்தாங்க? இதைக் கண்டுபிடிக்கிறதுதான் தோக்குற சீசன்ல இருக்கிற நிஜமான வேலை, ஜெயிக்கிற டீமைப் பாக்குறவங்களுக்கு இந்தப் படிப்பு கிடைக்காது. புதுசா பாக்குறவங்க எல்லாரும் பந்தை எறியற குவார்ட்டர்பேக்கையே பாப்பாங்க, நீங்க உதைக்கிற நேரத்தைப் பாருங்க, பண்ட் (முன்னேற முடியாதப்ப பந்தை தூரமா உதைச்சு எதிராளிகிட்ட விடுறது), ஃபீல்டு கோல் (கம்பத்துக்கு நடுவுல உதைச்சு 3 பாயிண்ட் எடுக்கிறது), கிக்காஃப் (ஆட்டத்தைத் தொடங்க உதைக்கிறது), எக்ஸ்ட்ரா பாயிண்ட் (டச்டவுனுக்கு அப்புறம் உதைக்கிற அந்த ஒண்ணு), இதெல்லாம் சேந்ததுக்குப் பேர் ஸ்பெஷல் டீம்ஸ். டிவில அந்த நேரத்துலதான் எல்லாரும் சிப்ஸ் எடுக்க எந்திரிப்பாங்க, எந்திரிக்காதீங்க.

ஓக்லஹோமா ஆட்டத்தை எடுத்துக்கோங்க, டச்டவுன் போட்டுட்டு ஒரு பாயிண்ட்டுக்காக உதைச்சதைத் தடுத்து அந்தப் பக்கத்துக்காரன் எடுத்துட்டு முழு மைதானமும் ஓடி 2 பாயிண்ட் வாங்கிட்டான். நமக்கு வர வேண்டிய ஒண்ணும் போச்சு, அவங்களுக்கு ரெண்டும் வந்துச்சு. மிச்சிகன் ஸ்டேட் ஆட்டம் இன்னும் கொடுமை, ரெண்டாவது பாதி முழுக்க எதிராளிக்கு ஒரு ஃபர்ஸ்ட் டவுன் (நாலு முயற்சிக்குள்ள 10 யார்டு முன்னேறுறது) கூட குடுக்காம டிஃபன்ஸ் கட்டிப்போட்டு வெச்சிருக்கு, 20-13ன்னு முன்னாடி இருக்கோம், ஆட்டம் முடிய சில நிமிஷம்தான் பாக்கி, பண்ட் பண்ணணும், டீம் மொத்தமும் வலது பக்கம் ஓடுது, பந்து இடது பக்கம் போகுது. அங்க பந்தைப் பிடிச்சவனுக்கு முன்னாடி ஆளே இல்ல, 62 யார்டு ஓடி டச்டவுன். எக்ஸ்ட்ரா டைம்ல தோல்வி. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலன்னு சொல்லுவோம்ல, அதை ஒரே பண்ட்ல கண்ணால பாத்தது அன்னிக்குத்தான்.

கேட்டுப் பாத்தா அந்த வருஷம் ஸ்பெஷல் டீம்ஸை லைன்பேக்கர்ங்கிற தடுப்பு ஆட்டக்காரங்களுக்கான ஒரு கோச்தான் தன் வேலையோட சேத்துப் பாத்துக்கிட்டு இருந்தார், சீசன் முடிஞ்சப்புறம்தான் அதுக்குன்னு ஒரு ஆளைக் கொண்டு வந்தாங்க. உங்க டீம்ல எந்தக் கோச்சுக்கு எந்த வேலைன்னு டீம் வெப்சைட்லயே இருக்கும், சீசன் ஆரம்பிக்கும்போதே ஒரு தடவை பாத்து வெச்சுக்கோங்க, எங்க ஓட்டை விழும்னு பாதி அங்கயே தெரிஞ்சுடும்.

ஆட்டத்தை எப்படி எழுதிக்கிறதுன்னு எனக்குக் கத்துக் குடுத்தது ஒரு தாத்தா. நவம்பர் 26, அயோவாவோட கடைசி ஆட்டம், தேங்ஸ்கிவிங் லீவுல ஸ்டூடன்ட்ஸ் பாதிப் பேர் ஊருக்குப் போயிட்டாங்க, லேப்ல ஒருத்தர் தன் வீட்டு சீசன் டிக்கெட்ல ஒண்ணு குடுத்தார், போய் உக்காந்தா பக்கத்துல எழுபது தாண்டின ஒருத்தர், காதுல ரேடியோ இயர்ஃபோன், மடியில நம்ம மளிகைக்கடை சிட்டை மாதிரி ஒரு சின்ன நோட்டு. ஒவ்வொரு தடவை பந்து கை மாறும்போதும் ஒரு வரி எழுதுவார், அவ்வளவுதான். என்ன எழுதறீங்கன்னு கேட்டேன், பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். யார் கைக்குப் பந்து வந்துச்சு, எந்த யார்டு லைன்ல ஆரம்பிச்சாங்க, எப்படி முடிஞ்சுது, மூணே மூணு விஷயம். யார் ஓடினா, யார் எறிஞ்சா, எதுவுமே இல்ல.

மூணாவது குவார்ட்டர்ல 21-6ன்னு நாங்க முன்னாடி. வழக்கமா ஆடுற குவார்ட்டர்பேக் அடிபட்டு வெளிய, பேக்கப் பையன்தான் ஆடுறான், நல்லாவே ஆடுறான். அந்தக் குவார்ட்டர் முடியறதுக்குள்ள அயோவா ஒரு ஃபீல்டு கோல் அடிச்சு 21-9 ஆச்சு. நாலாவது குவார்ட்டர் ஆரம்பம், நம்ம பண்ட். உதைக்கிற சத்தம் எப்பவும் தொப்புனு ஒண்ணுதான் கேக்கும், அன்னிக்கு ரெண்டு சத்தம் ஒண்ணு மேல ஒண்ணா விழுந்துச்சு, காலுல பட்ட சத்தமும் குறுக்க வந்த கையில பட்ட சத்தமும். அந்த ரெண்டாவது சத்தத்தைக் கேட்ட உடனே தாத்தா மைதானத்தைப் பாக்கவே இல்ல, தலையைக் குனிஞ்சு எழுத ஆரம்பிச்சுட்டார். நான் நிமிந்து பாக்குறேன், அயோவாக்காரன் பந்தை எடுத்துட்டு உள்ள போயிட்டான். அதுக்கப்புறம் அவங்களுக்கு இன்னொரு ஃபீல்டு கோல், நம்ம கடைசிக் கோட்டுக்குப் பின்னாடி எண்ட் ஸோன்லயே நாம மாட்டி ஒரு சேஃப்டி, அதுல அவங்களுக்கு 2 பாயிண்ட், அப்புறம் ஒரு டச்டவுன், 28-21. முடிஞ்சதும் நோட்டைக் குடுத்துப் பாருன்னார். வரிசையா ஆரம்பிச்ச இடத்தை மட்டும் பாத்தா போதும், முதல் பாதியில அவங்க தூரத்துல ஆரம்பிச்சிருக்காங்க, கடைசில எல்லாம் கிட்ட கிட்ட வந்துட்டாங்க. ஆட்டம் எந்த இடத்துல கை நழுவுச்சுன்னு அந்தப் பக்கமே சொல்லுது. அன்னில இருந்து நானும் அப்படித்தான் எழுதுறேன், நீங்களும் ஒரு அம்பது சென்ட் நோட்டு வாங்கி எழுதுங்க, நாலு ஆட்டத்துல உங்க கண்ணே மாறிடும். குளிர்ல பேனா எழுதாது, பென்சில் எடுத்துட்டுப் போங்க.

இதோட டர்னோவரையும் எண்ணுங்க, அதாவது பந்தைத் தவற விட்டு எதிராளிகிட்ட குடுக்கிறது. பர்டூ ஆட்டத்துல மட்டும் நாலு இன்டர்செப்ஷன், நாம எறிஞ்சதை அவங்க பிடிச்சுக்கிட்டது. மிச்சிகன் ஆட்டம் 29-29ன்னு சமமா நிக்கும்போது, ரெண்டு நிமிஷத்துக்கும் கம்மியா பாக்கி, ஒரு ஃபம்பிள், ஓடும்போது நம்ம கையில இருந்து பந்து நழுவிடுச்சு, அவங்க ஃபீல்டு கோல் அடிச்சு ஜெயிச்சாங்க. ஒரு சீசன்ல இது நடந்தா பாதிக்கு மேல அதிர்ஷ்டம்தான், அடுத்த வருஷம் தானா சரியாகும்னு பொதுவா சொல்லுவாங்க. ஆனா இங்கதான் நீங்க கொஞ்சம் பின்னாடி போய்ப் பாக்கணும், போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம்னு. ஃப்ராஸ்ட் கோச்சா இருந்த மொத்தக் காலத்துல ஒரு பொசெஷனுக்குள்ள, அதாவது அந்த 8 பாயிண்ட்டுக்குள்ள முடிஞ்ச ஆட்டங்கள்ல 5 ஜெயிச்சு 22 தோத்துருக்காங்க. ஒரு வருஷம்னா அதிர்ஷ்டம், நாலு வருஷமாச்சுன்னா அது பழக்கம், பயிற்சில எங்கயோ கோளாறு. 7.2ன்னு கணக்கு சொன்னதை வெச்சு 2022ல எல்லாம் சரியாகிடும்னு நானும் நம்பினேன், அந்த வருஷம் 4-8. அதனால கால்குலேட்டர் கணக்கையும் நாலு வருஷ ரெக்கார்டையும் சேத்து வெச்சுத்தான் பாக்கணும்.

இவ்வளவு தோத்தும் கோச்சை ஏன் தூக்கலைன்னு எல்லாரும் கேப்பாங்க. கான்ட்ராக்ட்டைப் பாருங்க, பதில் அதுல இருக்கும். பாதியில அனுப்பினா குடுக்க வேண்டிய பணத்துக்குப் பேர் பைஅவுட். 2021 நவம்பர்ல ஃப்ராஸ்ட்டை வெச்சுக்கிட்டாங்க, சம்பளம் 50 லட்சம் டாலர்ல இருந்து 40 லட்சமா குறைஞ்சுச்சு, ஆஃபன்ஸ், அதாவது பந்தோட முன்னேறுற பக்கம் நாலு அசிஸ்டன்ட் கோச்சை அனுப்பினாங்க, பைஅவுட் 1.5 கோடி டாலர், அதுவும் 2022 அக்டோபர் 1 வந்துட்டா பாதியா 75 லட்சம் ஆகிடும்னு ஏற்பாடு. எல்லாரும் அக்டோபர் 1க்குத்தான் காத்துக்கிட்டு இருந்தோம். ஆனா செப்டம்பர் 10ஆம் தேதி சொந்த மைதானத்துல ஜார்ஜியா சதர்ன்கிட்ட 45-42ன்னு தோத்தாங்க, மறுநாளே அனுப்பிட்டாங்க, மூணு வாரம் பொறுத்திருந்தா 75 லட்சம் டாலர் மிச்சம். அந்தப் பணத்தை விட அந்த மூணு வாரம் பெருசா பட்டுருக்கு பாருங்க, அதுல இருந்தே ஊரோட மனநிலையைப் புரிஞ்சுக்கலாம்.

இதை விட முக்கியமா ஒண்ணு சொல்லணும். கோச்சைத் திட்டுங்க, கோடிக்கணக்குல சம்பளம் வாங்குறவர், அது அவர் வேலையோட ஒரு பகுதி. ஆடுற பசங்களைத் திட்டாதீங்க. அவன் 20 வயசுப் பையன், செவ்வாய்க்கிழமை உங்க பக்கத்து கிளாஸ்ல உக்காந்திருப்பான், நீங்க டீச்சிங் அசிஸ்டன்ட்டா இருந்தா அவன் பேப்பரை நீங்களே திருத்துவீங்க. 2021ல ஊர்ல பாதிப் பேர் குவார்ட்டர்பேக் ஏட்ரியன் மார்ட்டினஸைத்தான் கரிச்சுக் கொட்டினாங்க. அந்தப் பையனுக்கு மிச்சிகன் ஸ்டேட் ஆட்டத்துலயே தாடை உடைஞ்சிருக்கு, உடைஞ்ச தாடையோடதான் அதுக்கப்புறம் வாரா வாரம் ஆடியிருக்கான்னு பல வாரம் கழிச்சுத்தான் வெளிய வந்துச்சு. கேட்டப்ப எனக்கு வயித்தைப் பிசைஞ்சுடுச்சு. அடுத்த வருஷம் கான்சாஸ் ஸ்டேட்டுக்குப் போனான், அந்த டீம் 2022ல பிக் 12ங்கிற அதோட லீக்ல சாம்பியன் ஆச்சு. இன்ஸ்டாவுல போய் பசங்களுக்கு மெசேஜ் போடுறது, அவங்க வீட்டு ஆளுங்களை இழுக்கிறது, இதெல்லாம் ஒரு நாளும் வேண்டாம்.

ஸ்டேடியத்துக்குப் போறதைப் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். தோக்குற சீசன்லதான் டிக்கெட் கைமாறி மலிவாவோ சும்மாவோ கிடைக்கும், கேளுங்க, கூச்சப்படாதீங்க. நவம்பர்ல உக்காருற பெஞ்சு அலுமினியம், ஐஸ் மாதிரி இருக்கும், அடியில போட பழைய பெட்ஷீட்டை மடிச்சு எடுத்துட்டுப் போங்க, ரெண்டு சாக்ஸ் போடுங்க. நெப்ராஸ்காவுல ரன்சான்னு ஒண்ணு விப்பாங்க, பன்னுக்குள்ள முட்டைக்கோசும் மாட்டுக்கறியும் வெச்சு சுட்டது, சாப்பிடாதவங்க வாங்கறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க. தோத்துக்கிட்டு இருக்கும்போது மூணாவது குவார்ட்டர்ல பாதிப் பேர் எந்திரிச்சுப் போவாங்க, நீங்க இருங்க, அப்பதான் பெஞ்சுல இருக்கிற சின்னப் பசங்களை இறக்குவாங்க. முதல் வருஷப் பையன் ஒருத்தன் நாலு ஆட்டம் வரைக்கும் ஆடினாலும் அவனோட ஆடுற வருஷக் கணக்குல அது சேராதுன்னு 2018ல இருந்து ஒரு விதி இருக்கு, ரெட்ஷர்ட்னு சொல்லுவாங்க, அதனால தோத்த டீம் நவம்பர்ல புதுப் பசங்களை இறக்கிப் பாக்கும். அவங்க நம்பரைக் குறிச்சு வெச்சுக்கோங்க, அடுத்த வருஷ டீம் அதுல இருக்கு.

சீசன் முடிஞ்சதும் ஆட்டக்காரங்க வேற காலேஜுக்கு மாறப் பேர் குடுக்கிற ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் திறக்கும், யார் போறா யார் வர்றான்னு தினமும் நியூஸ் வரும், எல்லாத்தையும் துரத்தாதீங்க, தலை சுத்திடும். உங்க நோட்டுல எந்த இடம் ஓட்டைன்னு எழுதி வெச்சிருக்கீங்களோ அந்த இடத்துக்கு ஆள் வர்றாங்களான்னு மட்டும் பாருங்க.

எத்தனை வருஷம் ஆகும்னு கேக்காதீங்க, அதுக்குப் பதில் கிடையாது. நார்த்வெஸ்டர்ன் யூனிவர்சிட்டி 1979ல இருந்து 82 வரைக்கும் தொடர்ந்து 34 ஆட்டம் தோத்துச்சு, அதே டீம் 1995 சீசன்ல ரோஸ் பௌல்ங்கிற பெரிய பௌல் கேம் வரைக்கும் போச்சு, நடுவுல பதிமூணு வருஷம். நெப்ராஸ்காவுக்கு 2023ல மேட் ரூல் கோச்சா வந்தார், அந்த வருஷம் 5-7, ஆறுக்கு ஒண்ணு குறைச்சல். 2024 நவம்பர் 23, விஸ்கான்சினை 44-25ன்னு அடிச்சு ஆறாவது வெற்றி, 2016க்கு அப்புறம் முதல் தடவையா பௌல் கேம். நான் அப்ப வேலை கிடைச்சு வேற ஊருக்கு மாறிட்டேன், ஃபோன்லதான் பாத்தேன், மடியில நோட்டு. பண்ட் பண்ற ஒவ்வொரு தடவையும் சத்தத்தைக் கூட்டி வெச்சுக் கேட்டேன், ஒரே சத்தம்தான் வந்துச்சு.